கேக் நடுவில் அமுங்குகிறதா, மேலே கருகுகிறதா? கோளாறைப் பார்த்து காரணம் கண்டுபிடிக்கும் வழி

சனிக்கிழமை வீட்டு வேலை, அப்புறம் சாமான் வாங்கல், ஞாயிற்றுக்கிழமை ஒரு கேக். எங்கள் இருவருக்கும் வார இறுதி என்றால் இதுதான். துளைபோட்டு அலமாரி மாட்டுவது, கழன்ற கீலை முடுக்குவது எல்லாம் ஒருமாதிரி கைவந்துவிட்டது. கேக் மட்டும் வெகுநாள் இழுத்தடித்தது. ஒரு வாரம் பஞ்சு மாதிரி வரும், அடுத்த வாரம் அதே அளவு, அதே டின், நடுவில் குழி விழுந்து நிற்கும். அதனால் ஒவ்வொரு முறையும் என்ன கோளாறு, எதை மாற்றினோம், அடுத்த முறை என்ன ஆனது என்று நோட்டில் எழுத ஆரம்பித்தேன். அந்த நோட்டைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தியிருக்கிறேன்.

உங்கள் கேக்கில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைக்கும் காரணம் கடைசியில். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சூடு, நேரம், டின் மூன்றையும் சேர்த்து மாற்றினால் கேக் நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது, அடுத்த வாரம் திரும்பவும் அதே கதைதான்.

எல்லாவற்றுக்கும் முன்னால்: ஓவன் சொல்லும் சூடு உண்மையா?

எங்கள் நோட்டில் பாதிக்கு மேற்பட்ட கோளாறுகளுக்கு விடை இங்கேதான் இருந்தது. எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இதைப் பார்த்துவிடுங்கள்.

ஓவனுக்குள் தொங்கவிடும் சின்ன வெப்பமானி ஒன்று வாங்குங்கள். அதை நடுத் தட்டில் வைத்து, குமிழை 180 டிகிரியில் திருப்பி, 20 நிமிடம் விடுங்கள். அப்புறம் 5 நிமிடத்துக்கு ஒரு முறை கண்ணாடி வழியாகப் பார்த்து நாலைந்து அளவு எழுதுங்கள். ஓவன் தானாக அணைந்து அணைந்து எரியும் என்பதால் ஒரே ஒரு அளவை நம்ப முடியாது, சராசரி வேண்டும்.

நாங்கள் முதல்முறை பார்த்தபோது குமிழ் 180-ல் இருந்தது, முள் 205-ல் நின்றது. "மாவு மேல பழி போட்டது போதும்மா, இதப் பாரு" என்று இவர் கூப்பிட்டுக் காட்டினார். அத்தனை நாளும் ஏலக்காயையும் முட்டையையும் மாற்றிக்கொண்டிருந்தேன்!

வெப்பமானி இல்லையென்றால் சர்க்கரை போதும். ஒரு சின்ன உலோகத் தட்டில் ஒரு ஸ்பூன் வெள்ளைச் சர்க்கரையைப் பரப்பி, நன்றாகச் சூடான ஓவனில் 175 டிகிரியில் 15 நிமிடம் வையுங்கள். சர்க்கரை உருகக் கூடாது. உருகினால் ஓவன் சொல்வதைவிட அதிகச் சூட்டில் இருக்கிறது. அடுத்து புதுச் சர்க்கரையை 190-ல் 15 நிமிடம். இப்போது உருக வேண்டும். உருகாவிட்டால் சூடு குறைவு. சர்க்கரை சுமார் 186 டிகிரியில் உருகும் என்பதால் இந்தச் சோதனை வேலை செய்கிறது.

வித்தியாசம் எப்போதும் ஒரே அளவாக, உதாரணமாக 20 டிகிரி அதிகமாகவே, இருந்தால் பழுது பார்க்க வேண்டாம். குமிழுக்குப் பக்கத்தில் ஒரு டேப் ஒட்டி, "180 வேண்டுமென்றால் 160" என்று எழுதிவிடுங்கள். ஒரு நாள் 20 அதிகம், இன்னொரு நாள் 30 குறைவு என்று நிலையில்லாமல் இருந்தால் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பழுதாகிறது என்று அர்த்தம். அதற்கு மெக்கானிக்தான்.

அறிகுறி: நடுவில் அமுங்கிவிட்டது

முதல் கேள்வி, எப்போது அமுங்கியது? விடையைப் பொறுத்து வழி பிரியும்.

*ஓவனுக்குள் இருக்கும்போதே அமுங்கினால்*

கதவைத் திறந்தீர்களா? சொன்ன நேரத்தில் முக்கால் பங்கு ஆகும்வரை திறக்கவே கூடாது. 40 நிமிட கேக் என்றால் 30-வது நிமிடம் வரை கண்ணாடி வழியாகப் பார்ப்பதோடு சரி.

திறக்கவில்லையென்றால் பேக்கிங் பவுடரைப் பாருங்கள். அதிகமானால் கேக் வேகமாகப் பொங்கும், தாங்க முடியாமல் விழும். 125 கிராம் மைதாவுக்கு ஒன்று முதல் ஒன்றேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர் போதும். சமையல் சோடா என்றால் கால் டீஸ்பூன், அதுவும் தயிர், மோர், எலுமிச்சை மாதிரி புளிப்பு ஏதாவது சேரும் கேக்கில்தான். சோடா, பவுடரைப் போல மூன்று நான்கு மடங்கு வீரியம். இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டால் குழி மட்டுமல்ல, சோப்பு மாதிரி ஒரு ருசியும் வரும். ஸ்பூனைத் தலைதட்டி அளந்து போடுங்கள், குவித்து அளக்காதீர்கள்.

அதுவும் சரியென்றால் டின். மாவு டின்னில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகக் கூடாது. 20 செ.மீ. வட்ட டின்னுக்கான மாவை 15 செ.மீ. டின்னில் ஊற்றினால் உயரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிவிடும். அகலத்தில் 5 செ.மீ. தானே என்று தோன்றும், பரப்பளவில் அது கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. ஓரம் வெந்து நிமிர்ந்துவிடும், நடு திரவமாகவே நின்று கடைசியில் இறங்கும்.

*வெளியே எடுத்த பத்து நிமிடத்துக்குள் அமுங்கினால்*

வேகவில்லை, அவ்வளவுதான். குச்சியைக் குத்திப் பார்க்கும்போது ஒரே இடத்தில் குத்தாதீர்கள். நடுவில் ஒன்று, நடுவிலிருந்து இரண்டு விரல் தள்ளி ஒன்று. ஈர மாவு ஒட்டினால் இன்னும் நேரம் வேண்டும், இரண்டு மூன்று துகள் ஒட்டினால் சரியான பதம். விரலால் மெதுவாக அமுக்கினால் பள்ளம் நிற்காமல் திரும்ப எழ வேண்டும். இறைச்சிக்குப் பயன்படுத்தும் குத்து வெப்பமானி வீட்டில் இருந்தால் இன்னும் நிச்சயம். சாதாரண வெண்ணெய் கேக்கின் நடுப்பகுதி 96 முதல் 99 டிகிரிக்குள் வந்துவிட்டால் வெந்துவிட்டது.

சூடு ஆறும் முன்னால் கண்டுபிடித்தால் மேலே அலுமினியத் தாளை மூடி, 160 டிகிரியில் திரும்ப வைக்கலாம். விழுந்த இடம் எழாது, ஆனால் வெந்துவிடும், சாப்பிடலாம். முழுக்க ஆறிய கேக்கை மறுபடி வைப்பதில் பயனில்லை, வெளிப்பக்கம் காய்ந்துபோகும்.

*குச்சி சுத்தமாக வந்தும், ஆறியபின் லேசாக அமுங்கினால்*

வெண்ணெயையும் சர்க்கரையையும் அளவுக்கு மீறி அடித்திருக்கலாம். அல்லது கலந்த மாவு ஓவன் சூடாவதற்காக மேடையில் காத்திருந்திருக்கும். எங்களுக்கு இரண்டாவதுதான் நடந்தது. இப்போது ஓவனைப் போட்ட பிறகுதான் முட்டையையே உடைப்பேன்.

அறிகுறி: மேலே கருகுகிறது, உள்ளே பச்சையாக இருக்கிறது

முதலில் சொன்ன வெப்பமானிச் சோதனையில் ஓவன் அதிகச் சூடு என்று தெரிந்திருந்தால் இதற்கு மேல் தேட வேண்டாம். சூடு சரியாக இருந்தும் கருகினால் இந்த வரிசையில் பாருங்கள்.

தட்டு எந்தப் படியில் இருக்கிறது? ஓடிஜி என்று சொல்கிற மேடைமேல் வைக்கும் சின்ன ஓவன்களில் சூடாக்கும் மேல் ராடுக்கும் டின்னுக்கும் இடையே அதிக இடம் கிடையாது. கணக்கு போட வேண்டியது தட்டின் உயரத்தை அல்ல, பொங்கிய கேக்கின் உச்சியை. உயரமான டின் என்றால் ஒரு படி இறக்குங்கள்.

எந்த ராடு எரிகிறது? கேக்குக்கு மேலும் கீழும் சேர்ந்து எரிய வேண்டும், அல்லது கீழ் மட்டும். மேல் ராடு மட்டும் எரிவது கிரில் செய்வதற்கு. குமிழில் படம் தேய்ந்துபோன பழைய ஓவனில் இந்தத் தவறு எளிதாக நடக்கும்.

ஃபேன் ஓடுகிறதா? ஓடினால் செய்முறையில் சொன்னதைவிட 15 முதல் 20 டிகிரி குறைத்து வையுங்கள்.

டின் கறுப்பா? கறுப்பு டின் சூட்டை நிறைய இழுக்கும், அடியும் ஓரமும் சீக்கிரம் சிவந்துவிடும். 10 முதல் 15 டிகிரி குறையுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கருகினால், முக்கால் பங்கு நேரத்துக்குப் பிறகு மேலே அலுமினியத் தாளைத் தளர்வாக மூடுங்கள். ராடில் தாள் படக் கூடாது.

மேலே வெடிப்பு விழுவதும் இதே குடும்பம்தான். அதிகச் சூடு, உயரமான படி, சின்ன டின். ஆனால் நீள ரொட்டி டின்னில் செய்யும் கேக்கில் நடுவே நீளமாக ஒரு கோடு வெடிப்பது இயல்பு, அதைச் சரிசெய்ய முயல வேண்டாம்.

அறிகுறி: ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் தாழ்வு

இதற்கு விடை கிடைத்தது வீட்டு வேலையால். சனிக்கிழமை அலமாரிப் பலகை மாட்டிய கையோடு இவர் ரசமட்டத்தை மேடையில் வைத்துவிட்டுப் போனார். விளையாட்டாக அதை எடுத்து ஓவன் தட்டின்மேல் வைத்தேன். குமிழி நடுக்கோட்டைத் தாண்டி இடப்பக்கம் போய் நின்றது, அதாவது தட்டு இடப்பக்கம் உயர்ந்திருந்தது. எங்கள் கேக்கோ எப்போதும் வலப்பக்கம்தான் உயரம். ஓவனின் வலக்கால் ரப்பர் தேய்ந்து அந்தப் பக்கம் தாழ்ந்திருந்தது, மாவும் தாழ்ந்த பக்கம் ஓடியது. அங்கே தடிமன் கூடி, கேக் அந்தப் பக்கம் உயரமாக நின்றிருக்கிறது. ஆறிப்போன ஓவனின் அந்தக் காலுக்கு அடியில் ஒரு மெல்லிய உலோக வில்லையை வைத்தோம், அதோடு தீர்ந்தது.

ரசமட்டம் இல்லையென்றால் ஒரு தட்டையான பாத்திரத்தில் அரை விரல் ஆழம் தண்ணீர் ஊற்றி, ஆறிய ஓவனின் தட்டில் வையுங்கள். நாலு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். தட்டு வளைந்திருந்தாலும் இதிலேயே தெரிந்துவிடும்.

மட்டம் சரியாக இருந்தும் கோணலாக வந்தால், ஓவனில் ஒரு மூலை அதிகச் சூடு. ரொட்டித் துண்டுகளைத் தட்டு முழுக்க நெருக்கி அடுக்கி, 180-ல் சில நிமிடம் வையுங்கள். எந்தத் துண்டு முதலில் சிவக்கிறதோ அதுதான் சூடான இடம். முக்கால் பங்கு நேரம் ஆனபின் டின்னை ஒரு முறை திருப்பி வைத்தால் சமாளிக்கலாம். ஒரு பாதி சிவந்து மறுபாதி வெள்ளையாகவே நின்றால் ராடு ஒன்று போயிருக்கக் கூடும். கீழே "ஓவனே சூடாகவில்லை" என்ற தலைப்புக்குப் போங்கள்.

அறிகுறி: உயரவே இல்லை, கட்டியாக இருக்கிறது

பேக்கிங் பவுடர் உயிரோடு இருக்கிறதா? ஒரு டீஸ்பூனை அரை டம்ளர் வெந்நீரில் போடுங்கள். உடனே நுரைத்துப் பொங்க வேண்டும். சோம்பலாக நாலு குமிழி வந்தால் தூக்கிப் போடுங்கள். சமையல் சோடாவுக்கு வெந்நீருக்குப் பதிலாகச் சில சொட்டு எலுமிச்சைச் சாறு. டப்பா திறந்து சில மாதங்கள் ஆகியிருந்தால் ஒவ்வொரு கேக்குக்கும் முன்னால் இதைச் செய்துவிடுவது நல்லது, ஒரு நிமிட வேலை.

அடுத்து மைதா அளவு. கப்பை மாவு டப்பாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராமுக்கு மேல் ஏறிவிடும். ஸ்பூனால் தளர்வாக எடுத்துப் போட்டுத் தலைதட்டினால் 120, 125 கிராம். அதே கப், ஆனால் கேக்குக்குக் கேக் 30 கிராம் வித்தியாசம். எடை மிஷின் ஒன்று வாங்கிய வாரத்திலிருந்து எங்களுக்கு இந்த அறிகுறி வரவே இல்லை. வெப்பமானிக்கு அடுத்து காசு செலவழிக்கத் தகுந்த சாமான் அதுதான்.

மூன்றாவது, வெண்ணெய். விரலால் அமுக்கினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகக் கூடாது. சுமார் 18 முதல் 20 டிகிரி. குளிர்ந்த வெண்ணெயில் காற்று ஏறாது, உருகிய வெண்ணெயில் நிற்காது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த முட்டையை நேராக அதில் உடைத்தால் கலவை திரிந்தது மாதிரி ஆகிவிடும். அப்படி ஆனால் அளந்து வைத்த மைதாவில் ஒரு ஸ்பூன் சேர்த்து அடியுங்கள், பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும்.

கடைசியாக, மைதா சேர்த்த பிறகு எவ்வளவு நேரம் அடித்தீர்கள்? வெள்ளை கண்ணுக்கு மறைந்ததும் நிறுத்த வேண்டும். மிக்ஸரைத் தள்ளி வைத்துவிட்டு கரண்டியால் மடித்துக் கலக்குங்கள். கேக்கை வெட்டும்போது மேல்நோக்கி நீளநீளமாக ஓட்டைகள் தெரிந்து, கடிக்கும்போது ரப்பர் மாதிரி இழுத்தால் காரணம் இதுதான்.

அறிகுறி: அடியில் களி மாதிரி ஓர் அடுக்கு

கிண்ணத்தின் அடியில் ஒட்டிய கலவையை வழித்துக் கலக்கவில்லை என்றால் வரும். பால் அதிகமானாலும் வரும். பெரிய முட்டை போட்டாலும் வரும், ஓடு நீக்கிய ஒரு முட்டை சுமார் 50 கிராம் என்று வைத்து எடை போட்டுக்கொள்ளுங்கள். இவை எதுவும் இல்லையென்றால் கீழ் ராடு எரிகிறதா என்று பாருங்கள். அடி மட்டும் எப்போதும் வெளுத்து, ஈரமாக இருந்தால் சந்தேகம் அங்கேதான் போக வேண்டும்.

அறிகுறி: டின்னை விட்டு வரவில்லை

அடியில் பட்டர் பேப்பர் வெட்டிப் போட்டு, ஓரத்தில் வெண்ணெய் தடவி மைதா தூவினால் பெரும்பாலும் ஒட்டாது. ஒட்டுவதற்கு முக்கியக் காரணம் கவிழ்க்கும் நேரம். எடுத்தவுடன் கவிழ்த்தால் உடையும், முழுக்க ஆறவிட்டால் ஓரம் ஈரமாகி ஒட்டிக்கொள்ளும். 10 நிமிடம் சரியான இடைவெளி. ஏற்கெனவே ஆறி ஒட்டிவிட்டதா? டின்னின் அடியை இளஞ்சூடான ஓவனில் இரண்டு மூன்று நிமிடம் காட்டுங்கள், வெண்ணெய் இளகி விட்டுக்கொடுக்கும்.

அறிகுறி: வறண்டு உதிர்கிறது

அதிக நேரம் வெந்திருக்கிறது, அல்லது மைதா அதிகம். செய்முறை சொல்லும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே குத்திப் பார்க்கத் தொடங்குங்கள். வேறு ஒன்றும் தேட வேண்டாம்.

அறிகுறி: ஓவனே சூடாகவில்லை, அல்லது மெதுவாகச் சூடாகிறது

முதலில் டைமர் குமிழ். நிறைய மேடை ஓவன்களில் டைமர் பூஜ்யத்தில் இருந்தால் விளக்கும் வராது, சூடும் வராது. வெப்பக் குமிழை மட்டும் திருப்பிவிட்டுக் காத்திருப்போம். திருப்பிப் பாருங்கள்.

விளக்கு எரிகிறது, சூடில்லை என்றால் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, மேல் கீழ் இரண்டையும் தேர்ந்தெடுத்து, 230 டிகிரியில் நாலைந்து நிமிடம் வையுங்கள். பல ஓவன்களில் இருட்டில் ராடு சிவப்பது தெரியும். எல்லாம் சிவந்தால் ராடில் குறையில்லை. ஒன்று கறுப்பாகவே நின்றால் அது போயிருக்கலாம், அல்லது இணைப்பு விட்டிருக்கலாம். இரண்டுக்கும் மூடியைக் கழற்ற வேண்டும், அதனால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ராடுகள் எல்லாம் எரிந்தும் சூடு ஏறாவிட்டால் கதவு. கீல் பக்கம் தேங்கிய துகள்களைத் துடையுங்கள். ஓரத்தில் ரப்பர் பட்டை உள்ள ஓவனாக இருந்தால், ஆறிய நிலையில் ஒரு தாளைக் கதவில் கொடுத்து மூடி, இழுத்துப் பாருங்கள். நாலு பக்கமும் தாள் பிடித்து நிற்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வரும் பக்கத்தில் பட்டை தளர்ந்திருக்கிறது. பல மாடல்களில் பட்டையை மட்டும் வாங்கி நாமே மாட்டலாம்.

நேர்மாறாக, வைத்த அளவைத் தாண்டி சூடு ஏறிக்கொண்டே போகிறது, விளக்கு அணைவதே இல்லை என்றால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். பழுது பார்க்கும்வரை ஒரு கேக்கும் வேண்டாம்.

அறிகுறி: ஓவனைப் போட்டால் வீட்டில் மின்சாரம் ட்ரிப் ஆகிறது

இங்கே நாமே செய்யக்கூடியது கொஞ்சம்தான். அதைச் சரியாகச் செய்ய வேண்டும்.

வேறு என்ன ஓடிக்கொண்டிருந்தது? 2000 வாட் ஓவன் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதே லைனில் கெட்டிலோ இஸ்திரிப் பெட்டியோ சேர்ந்தால் ட்ரிப் ஆவதில் ஆச்சரியமில்லை. மற்றதை அணைத்துவிட்டு ஒரு முறை போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டியிருந்தால் கழற்றி, கனமான சாதனங்களுக்கென்று உள்ள சுவர் சாக்கெட்டில் நேராக மாட்டுங்கள்.

அரை மணி நேரம் ஓடியபின் சுவிட்சை அணைத்துவிட்டு, பிளக்கின் பிளாஸ்டிக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கையை எடுக்கத் தோன்றும் அளவுக்குச் சுட்டால், சாக்கெட்டைச் சுற்றிப் பழுப்பு நிறமோ கருகல் வாசனையோ இருந்தால், அந்தச் சாக்கெட்டைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். எலக்ட்ரீஷியன் வர வேண்டும்.

ஓவன் மட்டும் தனியாக ஓடியும் ட்ரிப் ஆனால், அதுவும் போட்டவுடனே விழுவது கசிவைக் கண்டுபிடிக்கும் பிரேக்கர் என்றால், மின்சாரம் உலோக உடம்புக்குக் கசிந்துகொண்டிருக்கலாம். வெகுநாள் சும்மா கிடந்த ஓவனில் ராடுக்குள் ஈரம் ஏறி இப்படி ஆவதுண்டு. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். தொட்டால் சுரீரென்று ஒரு முறை அடித்தாலும் போதும், பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

மைக்ரோவேவும் சேர்ந்த ஓவனாக இருந்தால், பிளக் பிடுங்கியிருந்தாலும் உடம்பைத் திறக்கவே கூடாது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

மெக்கானிக் வரும்போது கையில் இருக்க வேண்டியது

"கேக் சரியா வரலீங்க" என்று மட்டும் சொன்னால் அவரும் ஓவனைப் போட்டு, சூடாகிறதே என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். எங்களுக்கு அப்படி ஒரு முறை நடந்தது, வந்துபோன கட்டணம் வீணானது. இரண்டாம் முறை நோட்டைக் கொடுத்தேன்: குமிழ் 180, 20-வது நிமிடம் 150, 25-ல் 148, 30-ல் 152, கீழ் ராடு சிவக்கவில்லை, மாடல் எண் இது. அவர் ஒரு நிமிடம் படித்துவிட்டு நேராகக் கீழ்ப்பக்க மூடியைத்தான் கழற்றினார். ராடின் முனையில் ஒரு ஒயர் தீய்ந்து, தொட்டும் தொடாமலும் நின்றது. அந்த முனையை வெட்டிப் புதிதாக இணைத்து, மூடிவிட்டுப் போனார். அன்று மாலையே வெப்பமானியை உள்ளே வைத்துத் திரும்ப அளந்தோம். குமிழ் 180, முள் 178.